இன்னும் வராத சர்க்கரை

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்விட்ட திருமலைசாமிக்கு வயது நாற்பத்திரண்டு. காரியம் முடிந்த கையோடு, அவனுடைய அண்ணன் சுப்பண்ணனும் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது என்று, அவனைப் பார்த்த டாக்டர் சாஜிதா பேகம் சொல்லியனுப்பினார். சுப்பண்ணனின் மனைவி சின்னாத்தாள் அவனை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனாள்.

சுப்பண்ணன் ஒல்லி ஆள். பீடி, குடி எதுவும் கிடையாது. சர்க்கரையும் சரியாகவே இருந்தது. ஆனால் அவனுடைய இரத்தத்திலிருந்து பிரிந்து நின்ற நீர், கண்ணாடிக் குழாயில் பாலாட்டம் கலங்கிக் கிடந்ததாம்.

"டிரைகிளிசரைடுங்கற கொழுப்பு இருக்க வேண்டியதுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கு. நல்ல கொழுப்பு ரொம்பக் கம்மி," என்றார் டாக்டர். "இப்படி இருக்கறவங்களுக்குப் பின்னால சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். உங்கப்பாவுக்கும் இருந்துச்சுன்னு சொல்றீங்க."

"தடுக்க முடியுமுங்களா?" சின்னாத்தாள் முந்திக்கொண்டாள்.

"முயற்சி பண்ணலாம்மா."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் அடுப்படியையே மாற்றினாள். நெய் மணக்கும் அரிசியும்பருப்புச் சோறு நின்றது. ராகிக்களியும் கொள்ளும் கீரையும் வந்தன. புருசனுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாமென்று அவளும் அதையே சாப்பிட்டாள். விடியக்காலம் இருவரும் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். கல்யாண வீடுகளில் பாயசம் வரும்போது சுப்பண்ணன் எழுந்துவிடுவான். சீக்கே இல்லாமல் பத்தியமா என்று பந்தியில் சிரித்தார்கள்.

வருசா வருசம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தான். கொழுப்பு கொஞ்சம் இறங்கியது, ஆனால் சரியான அளவுக்கு ஒருபோதும் வரவில்லை. ஒரு மாசி மாதத்தில் சர்க்கரை வந்தேவிட்டது.

"நீங்க கவனமா இருந்ததுனாலதான் இவ்வளவு நாள் தள்ளிப்போச்சு," என்றார் டாக்டர்.

"தள்ளிப்போச்சுன்னு எப்படிங்க தெரியும்? நான் நல்லாத் தின்னுருந்தாலும் இன்னைக்குத்தான் வந்திருக்குமோ என்னமோ."

"ஒரு ஆளை வெச்சு அதைச் சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டர்.

அதோடு சுப்பண்ணன் நடையை விட்டான். மாத்திரையை நினைத்தால் போடுவான். களி உருண்டையை வட்டிலோடு நகர்த்தி வைத்தான். சின்னாத்தாள் அழுது பார்த்தாள், சண்டையும் பிடித்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஜ்ஜிக் கடையில் அவனைக் கண்டாள்.

"ஏனுங்க மாமா, இது நல்லாவா இருக்குது?"

"திட்டோணும்னா திட்டிப்போடு. தின்னாலும் வருது, திங்காட்டியும் வருது." தட்டை அவள் பக்கம் தள்ளினான். "நீயும் எனக்காவ வாயைக் கட்டிக் கெடந்தவதான அம்மணி. தின்னு."

கையைப் பிடித்து எழுப்பத்தான் வந்திருந்தாள். ஆனால் பெஞ்சில் அவனருகே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை. தட்டு காலியாகும்வரை இருவரும் தின்றார்கள்.

சில வருசங்களில் சர்க்கரையால் அவனுக்கு இடக்கண் மங்கியது. கோயமுத்தூர் போய் லேசர் வைத்தும் அந்தக் கண் மீளவில்லை. மற்ற கண்ணாவது தங்கவேண்டுமானால் சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

"மறுக்காவும் பத்தியமா?" என்று சுப்பண்ணன் கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. களைத்துப்போன குரல்.

வீடு திரும்பியதும் சின்னாத்தாள் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள். அரிசி டப்பா ஒரு பக்கம், ராகி மாவு மறுபக்கம். எதற்கும் கை போகவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அவள் நின்றபடியே நின்றாள்.