கண்ணாயியின் திருப்தி: எண்பத்தேழு சதவீதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது விளம்பரக் கையேட்டுக்காக எழுதத் தொடங்கிய கதை. போனிலேயே மனுப் போடும் செயலி ஒன்றைச் செய்த கம்பெனி, 'வெற்றிக் கதை ஒரு பக்கம் வேண்டும்' என்று என்னைக் கொல்லிமலைக்கு ஏற்றியது.

முதல் வரி: 'பனி படர்ந்த மலையில், அறிவியல் ஒரு தாயின் மனதைத் தொட்ட...'

(அடித்துவிட்டேன். அன்று பனி இல்லை.)

2

மலைமேல் திண்ணனூர் நாடு என்ற ஊர்த் தொகுதியில் மனு எழுதித் தரும் மையம் ஒன்று இருக்கிறது. ஜெயசுதா எழுதித் தருவார். செயலி மக்களுக்குப் பிடித்துவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். பிறகு செயலி மக்கர் செய்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மனு எழுத அடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கம் போக வேண்டும். மலையில் மிளகு பயிரிட்டிருக்கும் கண்ணாயிக்குப் பத்தாவது வளைவிலேயே வாந்தி வரும்.

பிடித்திருக்கிறதா என்று வாயால் கேட்டால் ஆகாதா? ஆகாது என்றார் கம்பெனியின் ஆய்வாளர் சிவபிரகாஷ். "வாய் பொய் சொல்லும் சார். மூளை சொல்லாது."

எட்டு ஒயர் தொங்கும் தொப்பியைக் கண்ணாயி தலையில் மாட்டி, போனைக் கையில் கொடுத்தார்.*

* எண்ணெய்த் தலையில் ஒயர் நிற்கவில்லை. மூன்று முறை துடைத்தார்கள். கையேட்டில் இது வராது.

3

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாயி கண்ணை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டரில் அலைகள் எழுந்தன.

"என்ன அமைதி பாருங்க சார்! திருப்தி எண்பத்தேழு சதவீதம்!"

(சிவபிரகாஷை முட்டாளாக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், படித்தவர்; அது போதும்.)

சுவரில் பல்லி கத்தியது. கண்ணாயி கண் திறந்தார்.

"ஏனுங்க்கா, இத்தன நேரம் கண்ண மூடிட்டு என்ன பண்ணுனீங்க?" என்றார் ஜெயசுதா.

"உன்ற மையத்த மூடக் கூடாதுன்னு எட்டுக்கை அம்மங்கிட்ட உத்தரவு கேட்டேன் கண்ணு. பல்லி சொன்னாத்தான கண்ணத் தொறக்கோணும்?"

"செயலி எப்படிங்க்கா?"

"அத எங்க பாத்தேன்? வட்டம் சுத்துனதுல பஸ்ஸுல போறாப்புல கொமட்டிக்கிட்டு வந்துச்சு."

"இதையும் எழுதிக்குங்க சார்," என்றார் ஜெயசுதா சிவபிரகாஷிடம்.

"அது வாய் சொல்றதுங்க," என்றார் சிவபிரகாஷ்.

 கண்ணை மூடினால் யாருக்கும் கம்ப்யூட்டரில் அந்த அலை எழும். தொப்பி வந்த பெட்டிக்குள் இருந்த குறிப்பிலேயே போட்டிருக்கிறது. பெட்டியை நான்தான் பிரித்தேன்.

4

முடிவு அ: அம்மன் மையத்தைக் காப்பாற்றுகிறாள். (கம்பெனி அச்சிடாது.)

முடிவு ஆ: மையம் மூடப்படுகிறது. (கண்ணாயியிடம் படித்துக் காட்ட முடியாது.)

முடிவு இ: அந்தக் குறிப்பை நான் எல்லோர் முன்னாலும் எடுத்து

[வாக்கியம் முடியவில்லை. மதியச் சாப்பாடு வந்துவிட்டது.]

5

பல்லி சரி என்றது. கம்ப்யூட்டரும் சரி என்றது. கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. எண்பத்தேழை விட்டுவைக்கவா, அடிக்கவா?

நீங்களே சொல்லுங்கள். யோசிப்பதானால் கண்ணைத் திறந்துகொண்டு யோசியுங்கள். மூடினால் உங்களுக்கும் திருப்தி என்று எழுதிக்கொள்வேன்.