கோட்டில் எழும்பிய குன்று

கணக்கு டீச்சர் எடுத்த முதல் வீடியோ பாடத்தை ஏழாம் வகுப்பு முழுவதும் வீட்டில் பார்த்து முடித்திருந்தது. பிள்ளைகள் எந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள் என்பதைச் செயலி ஒரு கோடாக வரைந்து காட்டும். சமதரையாக வந்த கோடு, நடுவில் ஓரிடத்தில் மட்டும் குன்றுபோல எழும்பி நின்றது.

அது பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் இடம். அரை லிட்டர் தண்ணீரில் கால் லிட்டர் எத்தனை தடவை மொள்ளலாம் என்று கேட்டு, வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது என்று விளக்கியிருந்தாள். நேரில் நடத்தும்போது புரிந்ததா என்று கேட்டால், "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகச் சொல்லிக் கழன்றுகொள்வார்கள். வாயால் சொல்லாததை விரலால் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்படி என்னதான் புரியவில்லை?

தேர்வு வைத்தபோதுதான் குழம்பிப்போனாள். மற்ற கேள்விகளில் பாதிப் பேர் வழக்கம்போலத் தடுமாறியிருக்க, அந்தப் பின்னக் கேள்விக்கு மட்டும் ஏறக்குறைய எல்லோரும் காரணத்தோடு எழுதியிருந்தார்கள்.

அந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று மறுநாள் வகுப்பிலேயே கேட்டாள். எல்லோரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். கடைசியில், சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடப்படும் முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"அந்த இடத்துல உங்களுக்குப் பின்னாடி ஒரு அங்கிள் தவழ்ந்து போறார், டீச்சர்."

அந்த அங்கிள் டீச்சரின் கணவர், பஸ் ஓட்டுநர். வேலைக்கு நேரமாகிவிட்டது, படப்பிடிப்பையும் கெடுக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ஊர்ந்து போய்த் தன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நழுவியிருக்கிறார். யார் கண்ணிலும் படவில்லை என்று அவருக்கு நினைப்பு. விஷயத்தைச் சொன்னதும் வெட்கத்தில் சுருண்டுபோனார்; கொஞ்ச நேரம் கழித்து, படத்தில் நன்றாக விழுந்திருக்கிறேனா என்றும் விசாரித்தார்.

டீச்சருக்கோ வேறு யோசனை ஓடியது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்பது அடுத்த பாடம். அதில் கடினமான இடம் பார்த்து மறுபடியும் தவழச் சொன்னாள்.

"இந்தத் தடவை ரிவர்ஸ்ல வரட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

ரிவர்ஸில்தான் வந்தார். குன்று மலையாகிவிட்டது. தேர்விலோ அந்தக் கேள்வியில் வகுப்பே கவிழ்ந்திருந்தது.

ஒரே ஆள், ஒரே தவழல். பிறகு எங்கே பிசகியது? சுண்டெலியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பெண் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"முதல் தடவை அவர் எப்ப வருவார்னு தெரியாது. நீங்க 'கால் லிட்டர்'னு சொன்ன உடனே வருவார்னு பேசிக்கிட்டாங்க. அதனால காதைத் தீட்டிக்கிட்டு இருந்தோம். கண் சிமிட்டினா போயிடுவார், திரும்ப அந்தக் கணக்கோட முதல்ல இருந்து. இப்ப எந்த நிமிஷம்னு ஒருத்தன் குரூப்ல போட்டுட்டான். சத்தத்தை நிறுத்திட்டு நேரா அங்கயே போயிட்டோம்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே அசைபோட்டாள். எதையோ தேடிக்கொண்டிருந்ததால் அல்லவா காது கொடுத்திருக்கிறார்கள்!

மூன்றாவது பாடம் சமன்பாடுகள். அதில் கணவருக்கு வேலையில்லை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் வீடியோ நின்றுவிடும்; அடுத்து என்ன வரும், ஏன் என்று தோன்றியதைத் தட்டச்சு செய்தால்தான் நகரும். சரியோ தப்போ, மதிப்பெண் கிடையாது.

இந்த முறை குன்று எழும்பவில்லை. பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "சமக்குறின்னா 'இதோ விடை'ன்னு அர்த்தம். அதுக்கு அந்தப் பக்கம் எதுக்கு இன்னொரு கணக்கு?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்றவர்களின் பதில்களிலும் தேடினாள். வேறு வேறு வார்த்தைகளில் பாதி வகுப்பு அதையேதான் சொல்லியிருந்தது. இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லும் அந்தக் குறியைப் பற்றி, இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் கேட்டதேயில்லை.

மறுநாள் கரும்பலகையில் பெரிதாக ஒரு சமக்குறியை மட்டும் போட்டாள்.

"இது என்ன சொல்லுது?"

கோரஸ் எழவில்லை. ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து.