பொறக்குமுன்னே ஒரு தொப்பி

மதுரை வெயில்ல நூல் தொப்பி விக்கப் போறேன்னு நான் சொன்னதும் எங்க வீட்டுக்காரர் ஸ்டீபன் சிரிச்ச சிரிப்புக்கு, ஒரு வாரம் அவரோட நான் பேசல. உல்லன் இல்லய்யா, பருத்தி நூல், கைக்குழந்தைக்கு மெத்துனு இருக்கும்னு எம்புட்டோ சொன்னேன். அந்த மனுசன் அதுக்கப்புறமும் என்னைப் பாத்தா கர்ச்சீப்பைத் தலையில போட்டுக்கிட்டு நடுங்குற மாதிரி நடிப்பார்.

பசுமலையில ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கா இருந்த வேலையை விட்டுட்டுத்தான் இதுல இறங்குனேன். தொப்பி, சாக்ஸ், சின்னச் சட்டைன்னு எல்லாமே கொக்கி ஊசியால பின்னுறது. ரெண்டு மாசமா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. கடைசியில முதல் போணி எங்க மாடியில குடியிருக்குற பவதாரிணிகிட்ட இருந்துதான் வந்துச்சு. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் புள்ள, நிறைமாசம். மஞ்சள்ல ஒரு தொப்பி பின்னுங்கக்கா, வீட்ல மட்டும் சொல்லிராதீங்கன்னு படியில நின்னு காதோட காதா சொல்லிட்டுப் போச்சு.

வெக்கப்பட்டுச் சொல்லுதுன்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். பின்னி முடிச்ச சந்தோசத்துல அதைப் போட்டோ எடுத்து, 'முதல் ஆர்டர், எங்க மாடி வீட்டுப் பாப்பாவுக்கு'ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன்.

டீ ஆறுறதுக்குள்ள அவ மாமியார் முத்துத்தாய் இறங்கி வந்துருச்சு. பொறக்காத புள்ளைக்குப் புதுத்துணி எடுக்கவே கூடாதுங்கிறது அவுங்க வழக்கம். அதெல்லாம் நாங்க நம்புறதில்லம்மான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஆனா அந்தம்மா சண்டைக்கு வரல.

"போன தடவை தொட்டில், சட்டை எல்லாம் வாங்கி அடுக்கி வச்சோம்மா. ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையோடதான் வந்தோம்."



தொப்பியை எடுத்து, கடைசி முடிச்சை அவுத்து, அந்தம்மா கண்ணு முன்னாலேயே சரசரன்னு உருவுனேன். ஐயோ, பாடுபட்டது வீணாப் போகுதேன்னு அந்தம்மா பதறுச்சு. இப்ப இது தொப்பி இல்லம்மா, வெறும் நூல்தான், நூலுக்கு என்ன தோசம்னு கேட்டேன். முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு படியேறிப் போயிருச்சு. அன்னைக்கு ஜெபத்துல எனக்குன்னு எதுவும் கேக்கல. அந்தப் புள்ள நல்லபடியா வந்து சேரணும்னு மட்டும்தான் கேட்டேன்.

பவதாரிணிக்கு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுக்கு மறுநாள் போன் வந்துச்சு. முத்துத்தாய்தான். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு, எடை கம்மி, தலையை மூடியே வச்சிருக்கணும்னு நர்சு சொல்லுதாம். கடையில போய் வாங்க மனசு வரலைன்னு அழுதுச்சு. அந்த மஞ்ச நூலையும் ஊசியையும் எடுத்துட்டு வந்துருன்னுச்சு.

ஸ்டீபன் உடனே வண்டியை எடுத்தார். கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, புள்ள தலையை நூலால அளந்து பின்னுனேன். தலை ஒரு சாத்துக்குடி அம்புட்டுத்தான் இருந்துச்சு. முத்துத்தாய் நூல்கண்டை மடியில வச்சு நூலை உருவி உருவிக் கொடுத்துச்சு. பவதாரிணி படுத்தபடியே பாத்துக்கிட்டு இருந்துச்சு. போட்டதும் காது வரைக்கும் கச்சிதமா உக்காந்துருச்சு. எனக்கு அழுகையை அடக்க முடியல.

முத்துத்தாய் பேத்தி தலையைத் தொப்பியோட தடவிப் பாத்துச்சு. அப்புறம் மிச்ச நூலை என் கையில திணிச்சுச்சு.

"ஒரு வயசுக்கு ஆகுற மாதிரிப் பெருசா இன்னொண்ணு இப்பவே பின்னி வச்சிரு தாயி."