கல்வீட்டுக்குச் சொன்ன குறைகள்

தொண்ணூற்றாறு மாசியில், கனடாவின் பிக்கரிங்கில் இங்கிலாந்துக் கிராமத்துப் பாணிக் கல்வீடு ஒன்று விலைக்கு வந்தது. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ட்டில் அலுத்துப்போயிருந்த என் மனைவி துர்க்காவுக்கு அது பார்த்ததுமே பிடித்துவிட்டது. நானோ யாழ்ப்பாணத்துப் புடைவைக்கடையில் வளர்ந்தவன். ஆசைப்பட்ட பொருளைக் குறை சொல்லாமல் விலை பேச எனக்குத் தெரியாது. கல்லெல்லாம் கோணல், யன்னல்கள் சிறிது, சுவர்த் தடிப்பிலேயே பாதி வீடு போய்விட்டது என்று அடுக்கினேன். தன் கையாலேயே அதைக் கட்டிய வெள்ளைக்காரக் கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில் வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் கடையில் அப்படிப் போகிறவர்களை ஓடிப்போய்க் கூப்பிடுவோம்.

"மெதுவா நடவும். இப்ப கூப்பிடுவார்."

"நல்லாக் கூப்பிட்டார். கதவையெல்லோ பூட்டிப்போட்டார்!" என்றாள் துர்க்கா.

காரில் ஏறிய பிறகும், அந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தேன். கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.