சூடு போகிற வழி

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி ராதாமணி சொல்வாள், அதுவும் எங்கள் சௌராஷ்டிர பாஷையில், பத்து மடங்கு காரமாக. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவன் என்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஜனகராஜ் நல்ல மனுஷன், வாயைத் திறக்காத வரைக்கும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. 2008-ஆம் வருஷம் அந்த வாயைத் திறந்து என்ன செய்தேன் என்பதுதான் இது.

கட்டாத கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது என் தொழில். வீடோ கடையோ, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே அதற்குள் நடந்து பார்க்கிற மாதிரி திரையில் காட்டுவேன். வாசலில் நுழையலாம், மாடி ஏறலாம், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம். இதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அந்த வருஷம் மதுரையில் கரண்ட் போன நேரத்தைவிட இருந்த நேரத்தைச் சொல்வது சுலபம் என்பதால், பெரிய மிஷின் வாங்கிப் பிரயோஜனமும் இல்லை.

பேரையூரில் பேச்சிமுத்து என்று ஒருவர் கல்யாண மண்டபம் கட்டத் திட்டம் போட்டார். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம், எழுபது தூண், ஒவ்வொரு தூணிலும் பூ வேலை. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினதும் என் லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாசலில் நுழைந்தால் மணமேடைக்குப் போவதற்குள் படம் நாலு இடத்தில் நின்று நின்று போனது. அதைத் தூக்கிக்கொண்டு ஹலீமிடம் போனேன்.

அப்துல் ஹலீம் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். கோரிப்பாளையத்தில் ஒரு காம்ப்ளெக்ஸின் மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு லேப்டாப் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். படியில் ஆள் ஏறினால் அவன் தலையில் தூசி விழும். போர்டு மாட்டி, கண்ணாடிக் கதவு வைத்து ஒரு கடை போட வேண்டும் என்பது அவனுடைய பல வருஷ ஆசை. பேச்சிமுத்து நாற்பது கம்ப்யூட்டர் வைத்து ஒரு பயிற்சி மையமும் நடத்துகிறார், அவற்றைப் பராமரிக்க ஆள் தேடுகிறார் என்று தெரிந்ததும் நான்தான் ஹலீம் பெயரைச் சொன்னேன். மண்டபத்தைக் காட்ட வரும்போது அவரையும் கூட்டி வாருங்கள், உங்கள் மிஷினில் அவர் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார் அவர். அந்த நாற்பது மிஷின் கைக்கு வந்தால் ஹலீம் படிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

படம் வரைகிற சிப்பை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். ஓவர்கிளாக் என்பார்கள். செய்வதற்கு ஒரு சாஃப்ட்வேர் போதும், பத்து நிமிஷ வேலை. ஆனால் வேகம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் சிப் போய்விடும். ஹலீம் அந்த சாஃப்ட்வேரைத் தொடவே இல்லை. முதலில் லேப்டாப்பைப் பிரித்தான். சிப்புக்கும் அதன் சூட்டை வாங்குகிற உலோகத் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் மாதிரி ஒரு மெத்தை இருந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு, சிம்மக்கல் பாத்திரக்கடையில் வாங்கி வந்த செம்புத் தகட்டில் ஒரு சதுரம் வெட்டினான். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, அந்தச் சதுரத்தை இரண்டு நாள் தேய்த்தான். முகம் தெரிகிற அளவுக்கு வழுவழுப்பானதும், சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டை அரிசியளவு வைத்து, சிப்பின் மேல் உட்கார வைத்தான். எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது, இதற்கு ரெண்டு நாளா என்று கத்தினேன்.

"வேகம் எங்க மாப்ள ஓடிப் போகுது? சூடு போற வழிய மொதல்ல பாக்கணும்," என்றான்.

தொண்ணூற்று நாலு டிகிரி காட்டிய சிப், வேகத்தைக் கூட்டிய பிறகும் எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. எழுபது தூணும் வழுக்கிக்கொண்டு போயின. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஹலீம் இரண்டு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: துணி மேல் வைக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்கிற கம்பி ஓட்டையை அடைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற சூடெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போகிறது. நான் என்ன பச்சைப் பிள்ளையா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் பொட்டு என்றால் வாசலில் வைக்க வேண்டும் என்பது பழக்கம். வீட்டுக்கு நிலையில் வைக்கிறோம். பீரோவுக்குச் சாவி ஓட்டைக்கு மேல், தையல் மிஷினுக்கு ஊசி இறங்குகிற இடத்தில், கிரைண்டருக்கு வாயில். ஒரு பொருளுக்குள் எது வழியாகப் போய் வருகிறதோ அதுதான் அதற்கு வாசல். அந்த வருஷம் நான் கல்லில் சந்தனத்தைக் கெட்டியாக அரைத்தேன். பட்டுத்துணியை நாலாக மடித்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன். மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு இதற்கு வாசல் எது என்று தேடினேன். பக்கவாட்டில் அந்தக் கம்பி ஓட்டை இருந்தது. உள்ளே இருந்து காற்று வருகிற இடம். அதன் மேல் நாலு விரலாலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். இவ்வளவு பெரிய வேலையைத் தாங்குகிற மிஷினுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைப்போம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

ஹலீம் சொன்னது மறந்துவிட்டதா என்றால், மறக்கவில்லை. அன்றைக்கு அது மிஷின் இல்லை, சாமி. மிஷினுக்குச் சொன்ன பத்தியம் சாமிக்கு எதற்கு என்று மனசு எங்கோ நினைத்திருக்கிறது. மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொழிலைத் தொடங்க வேண்டும் என்று, பட்டுத்துணியிலிருந்து எடுக்காமலேயே லேப்டாப்பைப் போட்டு, மண்டபத்தை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டு முடித்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். அதற்கடுத்த நாள் பேரையூர் கிளம்பும்போது, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மூடியில் இருந்த பொட்டைத் துடைத்தேன். பக்கவாட்டில் அப்பியது நினைவிலேயே இல்லை.

பேச்சிமுத்துவின் ஆபீசில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர், அவருடைய மச்சினர், பயிற்சி மையத்து வாத்தியார்கள், ஊர்ப் பெரியவர்கள் சிலர். ஹலீம் சலவைச் சட்டை போட்டு, ஒரு ஓரமாக நின்றான். நான் மண்டபத்து வாசலில் நுழைந்தேன். முதல் வரிசைத் தூண், இரண்டாம் வரிசைத் தூண் தாண்டியதும், திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கோடு கோடாக ஓடியது. பிறகு கறுத்துப் போனது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் கோடு.

என் காதுக்குள் ரத்தம் ஏறியது எனக்கே கேட்டது. ஹலீம் பக்கம் திரும்பி, எட்டுப் பேர் முன்னால் சொன்னேன்:

"அப்பவே நெனச்சேன். செம்பு வைக்கிறேன், வேகம் ஏத்துறேன்னு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேல்ல? படிக்கு அடியில ஒக்காந்திருக்கவன நம்பி வந்தேன் பாரு."

ஹலீம் கிட்டே வந்து லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தான். பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினான். விரலைப் பார்த்தான், மூக்கருகே கொண்டுபோனான், பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. கோபத்தில் இருக்கிறவனுக்குக் கண் எதற்கு?

"ஆமா சார். என் தப்புதான். வேகம் கொஞ்சம் கூடிப் போச்சு," என்று பேச்சிமுத்துவைப் பார்த்துச் சொன்னான்.

ஒரு மிஷினுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் நாற்பது மிஷின் என்னாகும் என்று மச்சினர் சிரித்தார். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. மண்டப வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார், ஹலீமிடம் ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவன் பின்னால் எங்கோ உட்கார்ந்தான். கல்லுப்பட்டி, திருமங்கலம், மதுரை வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து லேப்டாப்பைச் சிம்மக்கல்லில் காளை என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் பிரித்தான். உள்ளே குனிந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்குள்ள யாரு சந்தனம் அரைச்சது?"

ஓட்டைக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகடுகளுக்கு நடுவில் சந்தனம் காய்ந்து, செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. சூடு வெளியே போக ஊசி நுழைகிற இடம்கூட இல்லை. செம்பு வைத்தவர் யார் என்று காளையே கேட்டான். இம்புட்டுச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை, இது இல்லாவிட்டால் உங்கள் சிப் அன்றைக்கே கருகியிருக்கும், இப்போது சிப்புக்கு அடியில் இருக்கிற ஈய ஒட்டுதான் விட்டிருக்கிறது, சூடு காட்டி மறுபடி ஒட்ட வைக்கலாம் என்றான். அப்படியானால் செய்யேன் என்றேன். அந்த வேலைக்கு நாங்களே கோரிப்பாளையத்தில் ஒரு பாயிடம்தான் அனுப்புவோம், படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார் என்றான்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அங்கிருந்து பாலத்தைக் கடந்து நடந்தே போனேன். எந்த முகத்தோடு அவன் முன்னால் போய் நிற்பது என்று தெரியவில்லை, ஆனால் வேறு முகமும் என்னிடம் இல்லை.

ஹலீம் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். லேப்டாப்பை மேஜையில் வைத்தேன். நான் வைத்த சந்தனம் என்றேன். தெரியும் என்றான். பேரையூரிலேயே தெரியுமா என்றேன். தலையாட்டினான்.

"அப்பவே ஏன்டா சொல்லல? சொல்லியிருந்தா அந்த நாப்பது மிஷினும் ஒனக்கு வந்திருக்கும்ல?"

அவன் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"நல்ல நாள்ல நீ சாமிக்கு வச்ச சந்தனம் மாப்ள. அதாலதான் மிஷின் கெட்டுச்சுன்னு எட்டுப் பேரு முன்னால நான் சொன்னா, அது மெக்கானிக் சொன்னதா இருக்காது. வேற ஆளு சொன்னதா ஆயிரும். நீ சொல்லலாம். நான் சொல்ல முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. படி ஏறி இறங்குகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிற இடத்தில், அவன் ஒவ்வொரு வார்த்தையையும் மென்று முழுங்கிக்கொண்டு நிற்கிறான் என்பது எனக்குத் தெரியவே இல்லை. எவ்வளவு வருஷமாக முழுங்குகிறானோ. கத்துவதற்கு எனக்கு இருந்த தைரியம் தைரியமே இல்லை, வெறும் வசதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரு, போய்விட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பேரையூர் போனேன். பேச்சிமுத்து தனியாக இருந்தார். அன்றைக்கு இருந்தவர்களையெல்லாம் கூப்பிடுங்கள் என்றேன். என்ன விஷயம் என்றார். கூட்டத்தில் திட்டிவிட்டு ஒதுக்குப்புறமாக மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பு இல்லை ஐயா என்றேன். ஆறு பேர் வந்தார்கள், மச்சினரும் வந்தார். தப்பு என்னுடையது, ஓட்டையில் சந்தனத்தை அப்பி, பட்டுத்துணி மேல் வைத்து ஓடவிட்டவன் நான், அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று நின்றுகொண்டே சொன்னேன். அப்படியானால் அந்த பாய் ஏன் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று பேச்சிமுத்து கேட்டார். ஹலீம் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

பேச்சிமுத்து எழுந்து, தன் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பின்பக்கமாகத் திருப்பினார். ஃபேன் ஓட்டையின் மேல் உள்ளங்கை அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். மச்சினர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பதிலும் அப்படித்தான் இருந்தது, வைத்தது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

பேச்சிமுத்து விரலால் அதைச் சுரண்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம வேணாம், தொழுகைக்குப் போவாரு. சனிக்கிழம வரச் சொல்லுங்க," என்றார்.

ஹலீம் என் லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தபோது அதன் மூடியில் புதிதாக ஒன்று இருந்தது. மிச்சமிருந்த செம்பில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வெட்டி, அதையும் உப்புத்தாளில் தேய்த்து, மூடியின் நடுவில் ஒட்டியிருந்தான். அடுத்த வருஷம் சந்தனத்தை இதில் வை, எம்புட்டு வேண்டுமானாலும் வை என்றான். பேரையூரில் நாற்பது மிஷினின் நெற்றியிலும் அதே வட்டத்தை ஒட்டிவிட்டு வந்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவன் கடையில் போர்டு இருந்தது. சாயந்திரம் பொரி வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தான். வீடு நிறைய ராதாமணியின் அண்ணன்மார், என் சித்தப்பா குடும்பம், அக்கம்பக்கத்துச் சனம். நான் செம்பு வட்டத்தின் மேல் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் சற்றுக் கூடிவிட்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் ஹலீம் சத்தமாகவே சொன்னான்.

"மாப்ள, சந்தனம் ஓட்டைப் பக்கம் ஒழுகுது. தொடை."

துடைத்தேன்.