பென்கிரைக் தொழுவத்தின் மேல்கதவு

லண்டனில் புது ராணிக்கு முடிசூட்டிய ஆண்டின் வசந்தத்தில், வேல்ஸில் எங்கள் போர்த்வென் கடற்கரைக்கு வந்த பறவைகள் எல்லாம் வானத்தில் வரிசையில் நின்றன. வரிசையின் தலை பென்கிரைக் பண்ணையின் மாட்டுத் தொழுவத்து வாசலில் இருந்தது. வால் தெற்கே, கார்டிகன் வளைகுடாவுக்கு மேல் எங்கேயோ மங்கிப் போயிருந்தது. அவை பறக்கவும் இல்லை, எங்கும் உட்காரவும் இல்லை. விரித்த சிறகு விரித்தபடி, காற்றில் ஆணியடித்து மாட்டியதுபோல நின்றன. அதே வாரம் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. ஊரில் இரண்டையும் பற்றிப் பேசினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் தொழுவக் கதவை இரண்டாக அறுத்துத்தான் மாட்டுவார்கள். கீழ்ப்பாதி மாட்டுக்கு, மேல்பாதி உள்ளே கூடு கட்ட வரும் தகைவிலான் குருவிக்கு. மார்ச் முதல் தேதி, புனித டேவிட் திருநாளன்று மேல்கதவைத் திறந்து கொக்கியில் மாட்டினால், இலையுதிர் காலத்தில் கடைசிக் குஞ்சு தெற்கே கிளம்பும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். சாரல் உள்ளே அடித்தால் அடித்துக்கொண்டு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் பிறந்தவர் பெயருக்கும் இறந்தவர் பெயருக்கும் நடுவே, யார் எந்தப் பறவையை முதலில் கண்டார் என்பதையும் போதகர் அறிவிப்பார். அந்தக் கரைக்கு வரும் முதல் தகைவிலான் பென்கிரைக் தொழுவத்தில்தான் நுழையும். அது நுழைந்த பிறகுதான் மற்றத் தகைவிலான்கள் மற்றத் தொழுவங்களுக்குப் போகும், அவற்றின் பின்னால்தான் கதிர்க்குருவி, குயில், ஆலா, உழவாரன் எல்லாம் வரும். அது அவற்றின் ஒழுங்கு. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

முதல் தகைவிலான் நுழையும் நாளில் பென்கிரைக் ஆண்களில் ஒருவர் சாவதும் உண்டு. எல்லா வருடமும் இல்லை, முறை வந்தவருக்கு மட்டும். அந்த வீட்டுத் தாத்தா வைக்கோல் போரிலிருந்து விழுந்தார். அவர் மகன் பால் கறந்துகொண்டே பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்தார், பசு அசையாமல் நின்றது. பேரன்களில் மூத்தவர் இதற்குப் பயந்து கப்பலேறி, வேல்ஸ்காரர்கள் குடியேறிய படகோனியாவுக்கே போய்விட்டார். அங்கே தகைவிலான் அக்டோபரில் வரும். அவர் அக்டோபரில் செத்தார். மிச்சம் இருந்தவர் இளையவர் இட்வால்.

இட்வால் கல்குவாரியில் வேலை செய்தவர். தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போக, அடுப்பறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவும் செம்மறிகளும் மட்டும் தெரியும், தொழுவம் தெரியாது. அவர் மூச்சு விடுவது கூழாங்கல் கரையில் அலை திரும்புவதுபோல இருக்கும். முறை வந்துவிட்டது என்று ஊர் பேசாமலே பேசிக்கொண்டது. ஜெபவீட்டுப் பாடகர்கள் அடக்கப் பாட்டை நான்கு குரலிலும் ஒத்திகை பார்த்து வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள் கண்ணுகளா, அவர் பாட்டில் பிழை பொறுக்காத மனிதர்.

அவர் மனைவி டெக்வென் ஒத்திகையைக் கேட்டாள். மார்ச் முதல் தேதி எல்லோரும் மேல்கதவைத் திறந்தபோது அவள் தன் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, இடுக்குகளில் செம்மறிக் கம்பளியைத் திணித்தாள். எங்கள் கரையில் யாரும் செய்யாத காரியம். செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஏப்ரலில் தகைவிலான் வந்தது. கதவுக்கு ஒரு முழம் முன்னால் வந்து, காற்றிலேயே நின்றது. அதன் பக்கத்தில் அடுத்தது, பின்னால் இன்னொன்று. மாதம் முடிவதற்குள் பண்ணை முற்றம் நிறைந்து, வரிசை சுவர் தாண்டி, ஜெபவீட்டுக் கூரை தாண்டிக் கடலுக்குள் போனது. மீன்பிடிக்கிற கெதின் அதன் அடியிலேயே துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தகைவிலான்களுக்குப் பின்னால் கதிர்க்குருவிகள், அப்புறம் குயில்கள் தனித்தனியாக, அப்புறம் ஆலாக்கள் வெள்ளைவெளேரென்று. முடிவைப் பார்க்கவில்லை. தண்ணீரில் அந்த நிழல் ஒரு சாலைபோல விழுந்திருந்தது என்றும், மீன்கள் அந்தச் சாலையை விட்டு விலகாமல் நீந்தின என்றும் சொன்னான்.

நாங்கள் கிட்டப்போய்ப் பார்த்தோம். கண் திறந்திருந்தது. தொண்டைச் சிவப்பு நடுங்கியது. விரலால் தொட்டால் உள்ளே இதயம் ஓடுவது தெரியும், ஒரு சின்னத் தையல் இயந்திரம்போல. சத்தமே இல்லை. அத்தனை ஆயிரம் உயிர் மூச்சுவிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நின்றால் எப்படி இருக்கும் தெரியுமா? சந்தையில் கூவி விற்கிற பெண்கள்கூட அந்த வரிசைக்குக் கீழே நடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவற்றின் சிறகிலிருந்து மெல்லிய சிவப்பு மணல் ஓயாமல் உதிர்ந்தது. எங்கள் ஊரில் அப்படி மணல் கிடையாது. பாலைவனத்தைத் தாண்டி வந்தவை அல்லவா. கொடியில் காய்ந்த துணியெல்லாம் சிவந்துபோனது.

பக்கத்து லான்வேலின் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரிய மீசைக்காரர் ஒருவர் முற்றத்தில் நின்றுகொண்டு, பறவைகளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, ரகசியக் குரலில் சண்டை போட்டார்.

"இந்தாம்மா, உன் வீட்டுக் கதவால எங்க ஊருக்குக் குயில் வரல. எங்க தோட்டத்துல புழு மேயுது. யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"குயிலு வந்து ஒமக்கு என்னத்தக் கிழிக்குது? போன வருஷம் தூங்கவிடலன்னு கல்லெடுத்து எறிஞ்சீராமே," என்றாள் டெக்வென்.

"அது போன வருஷம்."

"அப்ப இந்த வருஷம் நல்லாத் தூங்கும்."

ரொட்டி சுடுகிற எமிர் மட்டும் வாய் விட்டுச் சிரித்தான். அப்புறம் அவனே அவளைத் தனியாக அழைத்து, "அக்கா, அதுங்க இளைக்குது. பாத்தியா?" என்றான்.

அவளும் பார்த்திருந்தாள். அன்று காலை தொழுவ வாசலில் ஒன்று காற்றிலிருந்து கழன்று, அவள் இடுப்பில் கட்டிய சமையல் துணியில் விழுந்திருந்தது. சில தேக்கரண்டிச் சர்க்கரையின் கனம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே வரைக்கும் வந்து, ஒரு முழம் மிச்சம் இருக்கும்போது செத்துப்போனது. அவள் அதை ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்தாள். கதவைத் திறக்கவில்லை.

இட்வாலிடம் அவள், "வடக்குக் காத்துடா கிழவா, இன்னும் ஒண்ணும் வரல," என்றே சொல்லிவந்தாள். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஜெபவீட்டிலும் அந்த வாரங்களில் பறவை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. போதகர் அந்த இடத்தில் இருமிவிட்டு மேலே போனார். கடைசியில் காட்டிக்கொடுத்தது தலையணை உறை. துவைத்துக் காயப்போட்டதை அவசரத்தில் உதறாமல் மாட்டிவிட்டாள். காலையில் இட்வால் கன்னத்தைத் துடைத்தார், விரல் சிவந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். குவாரிக்காரர், எந்தக் கல்லின் தூள் என்று நாக்குக்குத் தெரியும். இது எங்கள் நாட்டுக் கல் இல்லை.

"டெக், எத்தனை நாளா நிக்குதுங்க?"

அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"டெக்."

"நிக்கட்டும். நீ இருக்கணும், அவ்வளவுதான். எனக்கு வசந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"என் ஒருத்தன் மூச்சுக்காக அத்தனையும் மூச்சடக்கி நிக்கணுமா? போன வருஷம் நாம ரெண்டு பேரும் கூட்டைப் பாத்துக்கிட்டே டீ குடிச்சோமே, அதுல ஒண்ணுகூட அங்க நிக்கும்."

அவள் ரோஜாச் செடியைப் பற்றிச் சொல்லிவிட்டு அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புச் சட்டையையும் காலணியையும் கேட்டார். அவள் மறுக்கவில்லை. பித்தான்களை அவளே போட்டுவிட்டாள். கழுத்துப்பட்டியை முடிந்தவரை மெதுவாகக் கட்டினாள்.

அடுப்பறை வாசலிலிருந்து தொழுவம் பக்கம்தான். அன்றைக்கு அது வெகுதூரம் இருந்தது. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, முகத்துக்கு நேரே தொங்கும் பறவைகளைக் கையால் மெல்ல விலக்கி, "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். விஷயம் அதற்குள் பரவி ஊரே சுவரோரம் வந்து நின்றது. கறுப்புச் சட்டையைக் கண்டதும் யாரும் சொல்லாமலே பாடகர்கள் அடக்கப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

இட்வால் திரும்பினார். "அட, இன்னும் சாகலடா! கொஞ்சம் பொறுங்க. தாழ்ப்பாளைத் திறக்க விடுங்க. அந்த ரெண்டாங் குரல் வேற சுருதி இறங்குது."

பாட்டு நின்றது. டெக்வென் கம்பளியை இடுக்கிலிருந்து பிடுங்கினாள். தாழ்ப்பாள் துருவேறியிருந்தது, இருவரும் சேர்ந்துதான் இழுத்தார்கள். மேல்கதவு திறந்தது.

அப்போது நடந்ததைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்வது இது: வரிசை ஒன்றன்பின் ஒன்றாக நுழையவில்லை. அத்தனை நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை ஒரே இமைப்பில், ஒரே மூச்சாக, முற்றம் முழுவதும் சேர்ந்து உள்ளே போயின. தொழுவக் கற்பலகைக் கூரை இசைப்பெட்டிபோல முனகியது. முன்கதவால் நுழைந்து பின்ஜன்னலால் வெளியேறி, மலை மேலும் கடல் மேலும் சிதறின. அவை போகப்போக, அடக்கி வைத்திருந்த சத்தம் எல்லாம் வெளியே வந்தது. கிறீச்சும் சீட்டியும் குக்கூவும் சேர்ந்து ஊர்ச் சுவர்கள் அதிர்ந்தன. முட்செடிகள் எங்கள் கண்ணெதிரே வெள்ளையாகப் பூத்தன. கடல்வரை நின்ற மிச்சப் பறவைகள் மதியம் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தன. இட்வால் கதவோரத்தில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிறகுக் காற்று முகத்தில் அடிக்க, வாய் திறந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நாங்களும் துடைக்கவில்லை.

மாலையில் கடைசி ஆலா போனதும் அவர் பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். ஊர் காத்திருந்தது.

"என்ன பாக்குறீங்க?" என்றார். "யாராவது டீ போடுங்களேன்."

குடித்தார். பழரொட்டியும் தின்றார். இருட்டும்வரை காத்திருந்து பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர், முதலில் நுழைந்த தகைவிலானைக் கண்டது யார் என்று கேட்டார். எமிர் ஒன்றைச் சொன்னான், கெதின் வேறொன்றைச் சொன்னான், லான்வேலின் மீசைக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். ஜெபவீட்டில் வாக்குவாதம் முற்றியது. எல்லாம் ஒன்றாக நுழைந்தபோது முதலாவது எது என்று யாரால் சொல்ல முடியும்? எங்களுக்கே தெரியாதது சாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? அதுவும் முற்றத்தில் நின்று தேடிப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இட்வால் அதன் பிறகு பல வசந்தங்கள் இருந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் திறந்த கதவுக்குள் பறவைகள் ஒன்றாகவே நுழைந்தன. நெஞ்சு குணமாகவில்லை, ஆனால் இருந்தார். ஒரு நவம்பரில், ஒரு பறவையும் வராத ஈர நாளில், காலணிக் கயிறு கட்டும்போது போய்விட்டார். பென்கிரைக் குடும்பத்தில் நவம்பரில் யாரும் செத்ததில்லை என்பதால் ஒத்திகை பார்க்காத பாடகர்களுக்குத்தான் தடுமாற்றம்.

அடுத்த மார்ச்சில் டெக்வென் மேல்கதவை அகலத் திறந்து கொக்கியில் மாட்டினாள். ஏப்ரலில் தகைவிலான் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் அது ஒரு முழம் முன்னால் காற்றில் நின்றது. பின்னால் மற்றவை வந்து நின்றன. டெக்வென் அடுப்படியிலிருந்து பார்த்தாள். வெளியே போய், கொஞ்ச நேரம் அவற்றோடு நின்றாள். பிறகு, "வாங்க, உள்ள வாங்க," என்றாள். எல்லாம் ஒன்றாக உள்ளே போயின.

அன்றிலிருந்து யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. டெக்வெனுக்குப் பிறகு அவள் தங்கை மகள் சொல்கிறாள். அவள் காய்ச்சலில் படுத்த வருடம் நான் போய்ச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பால் கறந்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய், வாங்க என்றால் போதும். கொடியில் கிடக்கிற வெள்ளைத் துணிகளை மட்டும் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.