முதல் பந்தி

என் பெயர் அன்னக்கொடி. என் கைப்பக்குவத்துக்கு எங்கள் ஊர் எழுமலையில் நிகரில்லை என்று என் மாமியாரே சொல்லுவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் என்றாலும். அப்பேர்ப்பட்ட நான், கல்யாணமான ஒன்றரை வருஷத்தில் சூடாக ஒரு தோசை தின்றதில்லை. வீட்டில் ஆண்கள் ஏழு பேர். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பெண்களுக்கு இலை. அதற்குள் தோசை வறட்டியாகிவிடும்.

என் புருஷன் தவசிக்கு மதுரைப் பக்கம் கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை. வாரம் ஒருமுறை ஊருக்கு வருவார். எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை முடிந்ததும், 'இந்தச் சனிக்கிழமை நீ மதுரைக்கு வா, இரண்டு நாள் கடை கடையாகப் போய்ச் சாப்பிடலாம்' என்று கடிதம் போட்டார். 'வருகிறேன். ஆனால் நீங்கள் எழுந்த பிறகு நான் உட்கார மாட்டேன்' என்று பதில் எழுதினேன்.

சனிக்கிழமை மதியம் ஆரப்பாளையத்தில் ஒரு கடைக்குப் போனோம். திரை போட்ட ஃபேமிலி ரூமில் எதிரெதிரே இரண்டு இலை விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பரிமாற வந்தவர் கையிலிருந்த குழம்பு வாளியை வாங்கி, எழுந்து நின்று, என் புருஷன் இலையில் ஊற்றினேன்.

"ஏக்கா, என் வேலைக்கு வேட்டு வைக்கப் பாக்குறீங்களா?" என்று அவர் வாளியைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்புறமும் என் கை சோற்றில் இறங்கவில்லை. என் புருஷன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த பிறகுதான் முதல் கவளம் எடுத்தேன். சோறு சில்லென்று இருந்தது. அவரைத் திட்டவும் வழியில்லை, பழக்கதோஷம் என்னுடையது. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் புரோட்டா கடை. இந்தத் தடவை கெட்டியாக இருந்தேன். அவர் பிய்க்கும்போதே நானும் பிய்த்தேன். இரண்டு வாய் தின்றிருப்பேன், திரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவருடைய சித்தப்பா விருமாண்டி. உரம் வாங்க இரண்டு நாள் தங்கலாக மதுரைக்கு வந்தவர்.

"என்னடா தவசி, பொண்டாட்டியோட சோடி போட்டுத் திங்கிற? ஊருல சொன்னா சிரிக்கப் போறாங்க!"

என் புருஷன் எறும்பு கடித்தவர் மாதிரி எழுந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவோடு வெளி பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் பசி கூடும். அவருக்கு வந்த ஆம்லெட்டையும் சேர்த்துத் தின்றேன்.

திரும்பும் வழியில் நேராகவே சொன்னேன். "மச்சான், அவரு சிரிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க எந்திரிச்சுப் போனீங்க பாருங்க, அதுதான் சுட்டுச்சு. நாளைக்கும் இப்படித்தான்னா எனக்கு இந்த ஊர்வலமே வேணாம்."



ஞாயிறு காலை இட்லிக் கடையில் என் புருஷன் எதிரே உட்கார்ந்து ஒழுங்காகத்தான் தின்றார். அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஆளில்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு நான் மார்க் போடுவதில்லை.

மதியம் கறிச்சோற்றுக்குப் பேர்போன ஒரு மெஸ். கூட்டமான கூட்டம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும், சாப்பிடுகிறவர் எப்போது எழுவார் என்று ஒருவர் நின்றார். உள்ளே பாதிச் சோற்றில் விருமாண்டி! அவருக்கு எதிர் நாற்காலி அப்போதுதான் காலியானது. சட்டென்று அதன்மேல் துண்டைப் போட்டார்.

"தவசி, வாடா! ரெண்டு மணிக்கு ஊருக்கு பஸ்ஸு. நீ வந்து சாப்பிடு, அந்தப் புள்ள பெறகு சாப்பிட்டுக்கிரும்."

அவர் உட்கார்ந்தால் நான் தனியாக பஸ் ஏறிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். என் புருஷன் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டிவிட்டு நாற்காலியை இழுத்தார்.

"அன்னம், நீ உக்காரு."

"அப்ப நீயி?" என்றார் விருமாண்டி.

"நான் நிக்கிறேன் சித்தப்பா. அவ சாப்பிடட்டும்."

"பஸ்ஸு போயிரும்டா!"

"போகட்டும். அடுத்த பஸ்ஸுல வாரோம்."

 நாற்காலி முதுகைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவே, மாமனார் முறைக்காரருக்கு எதிரே, நான் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தேன். ஆவி பறக்கச் சோறு விழுந்தது, மேலே கறிக்குழம்பு. சூடு தணிய விடாமல் முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டேன்.

விருமாண்டி மோருக்குக்கூட நிற்காமல் இலையை மடித்து எழுந்தார். அந்த இடத்தில் என் புருஷன் உட்காருவதற்குள், அங்கே காத்து நின்றவர் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், ரொம்பப் பசிக்குதா?" என்று திரும்பிப் பார்த்தேன்.

"வயித்துல எலி ஓடுது. பரவாயில்ல, நீ மெதுவாத் தின்னு."

நான் மெதுவாகத்தான் தின்றேன். ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.